கைக்குப் பிடித்த பாடம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் எந்த வகுப்பு என்று கேட்பார்கள். அடுத்தது, "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" கணக்கு என்றால் இன்ஜினியர், சயின்ஸ் என்றால் டாக்டர் என்று பதிலுக்குக் காத்திராமல் அவர்களே முடித்துவிடுவார்கள். வரலாறு என்றோ தமிழ் என்றோ பிள்ளை சொல்லிவிட்டால் கூடத்தில் பேச்சு சற்று நிற்கும். பிறகு யாராவது ஒருவர், "ஐ.ஏ.எஸ். எழுதலாம்ல" என்று சொல்லி அதைக் கரைசேர்ப்பார். பாடத்தின் பெயருக்கு நேரே வேலையின் பெயரை எழுதிவைத்த இந்த அட்டவணை தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது அன்பில் எழுதப்பட்டதுதான். பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலையில் எழுதப்பட்டது. ஆனால் பாடத்தின் பெயரோடு அது நின்றுவிடுகிறது. பிடித்த பாடம் என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அதற்குள் நம் கையோ கண்ணோ காதோ விரும்பிச் செய்த ஒரு குறிப்பிட்ட செயல் இருக்கிறது. பிற்காலத்தில் ஒருவருக்குத் தொழில் பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் அந்தச் செயல் அங்கே இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு மேல்நிலையில் தாவரவியல் என்றால் உயிர். ஆனால் குடும்பங்களின் லத்தீன் பெயர்கள் அவளுக்கு மனத்தில் நிற்காது. ஒளிச்சேர்க்கைச் சுழற்சியை மனப்பாடம் செய்வதற்குள் அழுதுவிடுவாள். அவள் காத்திருந்தது செய்முறை வகுப்புக்கு. தண்டின் குறுக்கு வெட்டு எடுத்தவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். இளந்தண்டை இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் நனைத்த புது பிளேடை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. அழுத்தினால் தடித்துவிடும், தயங்கினால் ஒருபக்கம் கனத்து ஒருபக்கம் கரைந்து வரும். பத்திருபது சீவல்களை வாட்ச் கிளாஸ் தண்ணீரில் மிதக்கவிட்டு, இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியதைத் தூரிகை நுனியால் தூக்கி, சாஃப்ரனினில் தோய்த்துக் கழுவி, ஸ்லைடில் கிளிசரின் சொட்டு வைத்து, கவர் கிளாஸைச் சாய்வாக இறக்கிக் காற்றுக்குமிழி புகாமல் மூட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் சைலம் சிவந்து வட்டம் வட்டமாகத் தெரிந்தால் ஆசிரியர் 'டிக்' போடுவார். வகுப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் வெட்டிக் கொடுத்தாள்.

மருத்துவம் கிடைக்கவில்லை. வீட்டில் ஓராண்டு இழவு விழுந்ததுபோல இருந்தது. பிறகு மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பு. இப்போது ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுப் பிரிவில் இருக்கிறாள். அறுவைசிகிச்சையில் எடுத்த துண்டு ஃபார்மலினில் வரும். அதன் நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, மைக்ரோடோமில் மாட்டி, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுகிறாள். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வருகின்றன. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடியைச் சாய்த்து அடியில் நுழைத்து ஏந்தி எடுக்கிறாள். பிறகு ஹீமடாக்சிலின், ஈயோசின். அந்தச் சீவல் கிழிந்தோ மடிந்தோ போனால், புற்றா இல்லையா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு ஸ்கூல்ல செஞ்சதத்தாண்ணே இன்னைக்கும் செய்யிறேன், செடிக்குப் பதிலா மனுஷன்" என்றாள். தாவரவியல் படித்தவள் தாவரவியலை விட்டுவிட்டாள் என்றுதான் அவள் மார்க் ஷீட்டைப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். அவள் எதையும் விடவில்லை.

எனக்குத் தமிழ். அதிலும் செய்யுளோ உரைநடையோ இல்லை, பகுபத உறுப்பிலக்கணம். 'வந்தனன்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி ஐயா பிரித்துக் காட்டிய நாளில் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம். அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை. முதல் 'அன்' சாரியை, இரண்டாவது 'அன்' விகுதி. வாயில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல்லுக்குள் இத்தனை உறுப்புகள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. இன்று மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறேன். பிறர் எழுதிய வாக்கியத்தில் எந்த உறுப்பு இடம் மாறியிருக்கிறது என்று தேடுவதுதான் நாள் முழுக்க வேலை. தமிழ் பிடித்த மற்ற நண்பர்கள் கவிதை எழுதினார்கள், மேடையில் பேசினார்கள். எங்கள் எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். அதற்குள் பிடித்தது வேறு வேறு.

அப்துல் கலாமின் கதையில் பலரும் நினைவில் வைத்திருப்பது ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் நடத்திய பறவை வகுப்பு. பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கியவர், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் மாலையில் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். அதே வாழ்க்கையில் இன்னொரு இடம் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகுதான், இயற்பியல் தன் பாடம் இல்லை, பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும் என்பது தனக்குத் தெரிந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் சொல்கிறார். அட்டவணைப்படி பார்த்தால் அவர் சரியான பாடத்தைத்தான் எடுத்திருந்தார். பறத்தல் இயற்பியலில்தானே வருகிறது. ஆனால் அவர் கடற்கரையில் கண்டது விதியை அல்ல, பறக்கிற ஒரு பொருளை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களுக்குப் பக்கத்தில், மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் உட்கார்ந்திருப்பாராம். அங்கேதான் அவருக்குத் தன் பாடம் கிடைத்தது.

அவருக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. இன்றைய பிள்ளைக்கு அது குறைவு. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதுவரை பி.யூ.சி.க்காகக் கல்லூரி வாசலில் நடந்துகொண்டிருந்த பிரிவினை பள்ளித் தலைமையாசிரியரின் அறைக்கு இடம்பெயர்ந்தது. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். "பிள்ளைக்கு பர்ஸ்ட் குரூப் குடுங்க சார்." "கணக்குல அறுபத்தெட்டுதானம்மா வாங்கியிருக்கான், தாங்க மாட்டான். காமர்ஸ் தரேன்." பேச்சு இவ்வளவுதான். பையன் கதவோரம் நின்றுகொண்டிருப்பான். பதினைந்து வயதில், ஒரு ஜூன் மாதக் காலையில், வாழ்க்கை இரண்டு மூன்று பாதைகளாகப் பிரிக்கப்படும்போது அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருப்பது இத்தனை இடம், இத்தனை மார்க். சிறிய ஊர்களில் பள்ளியில் இருப்பதே இரண்டு குரூப்தான் என்னும்போது, பிடித்தது எது என்று கேட்டுவிட்டு அவர்தான் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு கட் ஆஃப். தொழிற்கல்விச் சேர்க்கைக்கு 1984இல் தொடங்கிய நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இல்லாமல் போனது. பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்கு ஒரு கணக்கு நிலைபெற்றது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 200க்குள் வராத பாடங்கள் எல்லாம் வகுப்பறையில் தேய்ந்தன. தமிழ்ப் பீரியடில் கணக்கு டெஸ்ட் வைத்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டு அரைக்கும் பள்ளிகள் பெருகின. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மருத்துவத்துக்கு 2017இலிருந்து நீட். ஒரு பிள்ளை ஒரு பாடத்துக்குள் தனக்குப் பிடித்த செயலைக் கண்டுபிடிக்கச் சும்மா தடவிப் பார்க்கும் நேரம் வேண்டும். தப்பாக வெட்டிய இருபது சீவல்களுக்கு நேரம் வேண்டும். குறைந்துபோனது அந்த நேரம்தான்.

கணக்கில் தேற்றங்களை நிரூபிப்பது பிடித்திருந்ததால் பொறியியலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி தவிர்க்க முடியாமல் பிறக்கும் அந்தச் சுகத்துக்காகப் போனவர்கள். பிறகு ஐ.டி. நிறுவனத்தில் யாரோ எழுதிய நிரலுக்குச் சோதனைப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். சம்பளம் நல்ல சம்பளம். குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய சம்பளம். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. கணக்குக்கு நேரே அட்டவணையில் எழுதியிருந்தது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதும், அவர்கள் விரும்பிய செயல் அதில் இல்லை என்பதும் இரண்டும் உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்க் பத்தவில்லை என்று காமர்ஸில் தள்ளப்பட்ட ஒரு நண்பர் இன்று தணிக்கையாளர் ஒருவரிடம் வேலை செய்கிறார். இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத மாலைகளில்தான் அவர் முகம் தெளியும். வித்தியாசம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதால் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்பார். வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை யாரோ 450 என்று எழுதியிருப்பார்கள். அது இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, 45 ரூபாய்க்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடுவார். பற்றில் போக வேண்டியது வரவில் விழுந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். கண்டுபிடிக்க முடியாததை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம், முறை இருக்கிறது. அவருக்கு மனசு வராது. பள்ளியில் அவரைக் கணக்கு வராதவர் என்று முத்திரை குத்தினார்கள். தப்பு எங்கே இருக்கிறது என்று துரத்திப் பிடிக்கும் மூளை அவருக்கு அப்போதே இருந்தது. அதற்கு மதிப்பெண் போடும் கேள்வி எந்த வினாத்தாளிலும் இல்லை.

சர் சி.வி. ராமனின் வாழ்க்கையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே 1906இல் ஒளியைப் பற்றி ராமன் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வெளிவந்துவிட்டது. அடுத்த ஆண்டு எம்.ஏ. முடித்ததும் அவர் போனது நிதித்துறைக்கு. இந்தியாவில் அன்று இயற்பியலை வைத்துப் பிழைக்க வழி இல்லை. இங்கிலாந்தின் குளிரை அவர் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கு அதிகாரி. பத்து ஆண்டுகள், இடையில் ரங்கூன், நாகபுரி மாற்றல்கள் உட்பட, கணக்குத் துறையில் பொறுப்பாக வேலை பார்த்தார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது குறைந்த சம்பளத்துக்கு நிதித்துறையை விட்டார். ராமன் விளைவின் 1928, நோபல் பரிசின் 1930 என்ற ஆண்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இதை விடாமுயற்சியின் கதையாக மேடைகளில் சொல்கிறோம். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அந்தக் கழகத்தை மகேந்திரலால் சர்க்கார் 1876இல் கட்டி வைத்திருந்தார். கருவிகள் இருந்தன. ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் இருந்தார். அலுவலகம் முடிந்து ஒரு இளம் கணக்கு அதிகாரி வந்து கேட்டால் திறந்துவிட அங்கே ஒரு கதவு இருந்தது. நம் மாவட்டத் தலைநகரங்களை நினைத்துப் பாருங்கள். படித்த பாடத்தை வேலைக்காக விட்டுவிட்ட ஒரு வங்கி எழுத்தர், மாலை ஆறு மணிக்கு ஒரு நல்ல நுண்ணோக்கியைத் தொட வேண்டும் என்றால் எங்கே போவார்? கல்லூரி ஆய்வகம் பூட்டியிருக்கும். படிப்பவர்களுக்குக் கிளை நூலகமாவது இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழுந்திருக்கின்றன. கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு நாம் எதையும் கட்டவில்லை. பிடித்த பாடம் பிள்ளைப் பருவத்தோடு செத்துப்போகிறது என்று நாம் வருத்தப்படும் பல இடங்களில் அதைக் கொன்றது வேலை இல்லை. வேலை முடிந்த பிறகு போக இடம் இல்லாததுதான்.

கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனுக்கு ஆய்வகக் கருவிகள் தேவைப்படவில்லை. குகைகளும் கல்லும் போதுமாக இருந்தன. அறிவியலும் சட்டமும் படித்து, இந்திய ஆட்சிப் பணிக்குப் போனவர். வரலாறோ தொல்லியலோ அவர் பட்டம் பெற்ற பாடம் அல்ல. ஆனால் 1960களில் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்தறிந்ததும், சிந்துவெளிக் குறியீடுகள் எங்கெங்கே எத்தனை முறை வருகின்றன என்று கணினியின் துணையோடு தொகுத்து 1977இல் வெளியிட்டதும் அவர்தான். அவருடைய எழுத்தைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது சட்டம் படித்தவரின் பழக்கம். சாட்சியம் எது, ஊகம் எது என்று வரிக்கு வரி பிரித்து வைத்திருப்பார். பாடம் மாறியது, கை மாறவில்லை.

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒருவரையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்து அறுவைசிகிச்சை மருத்துவரின் மகன் எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவராவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் படித்ததும் விலங்கியல். 1943 வங்கப் பஞ்சத்தின் செய்திகள் அவரை உலுக்கி, கோவை வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோயின. பிறகு காவல் பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு மரபியல் படிக்க நெதர்லாந்து போனார். இங்கே பாடத்தைத் தேர்ந்தது பிடித்தமோ கைப்பழக்கமோ இல்லை, ஊரார் பசி. நான் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்ல முடியாதபடி இந்த வாழ்க்கை என்னை நிறுத்துகிறது. சிலருக்கு உலகமே வந்து பாடத்தைக் கொடுத்துவிடுகிறது.

மற்றபடி பெரும்பாலோருக்கு அதைக் கொடுப்பவர் ஓர் ஆசிரியர். பிடித்த பாடம் என்று சொல்பவர்களிடம் ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு டீச்சரோ சாரோ வந்துவிடுவார். அதனால் காலிப் பணியிடம் என்ற செய்தி நாளிதழில் வரும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஓராண்டு இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இயற்பியல் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவார்கள். அவர்கள் அந்தப் பாடத்தைச் சந்தித்ததே இல்லை. அவர்களில் யாருடைய கைக்கு வெர்னியர் அளவி பொருந்தியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

என் அக்கா மகள் போன ஆண்டு பத்தாவது முடித்தாள். எந்தப் பாடம் பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்று அவளிடம் கேட்டேன். தயங்கிவிட்டு, "மேப் வரையறது மாமா" என்றாள். சமூக அறிவியலில் வரைபடக் கேள்விக்கு எல்லோரும் குறிக்க வேண்டிய இடங்களைக் குறித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இவள் நோட்டில் காவிரியின் கிளைகளை எல்லாம் பிரித்துப் பிரித்து வரைந்து வைத்திருக்கிறாள். அவள் பள்ளியில் மேல்நிலையில் புவியியல் இல்லை. இருந்திருந்தாலும் சிக்கல்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் புவித்தகவலியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. வரைபடத்தின் இன்றைய வடிவமே அதுதான். ஆனால் பொறியியல் கலந்தாய்வு கேட்பது கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை. புவியியல் படித்த பிள்ளை அந்த வாசலில் நிற்க முடியாது. ஆகவே பர்ஸ்ட் குரூப் எடுத்திருக்கிறாள், இரண்டு ஆண்டு வரைபடம் இல்லாமல்.

அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அவளுக்குக் காட்டினேன். எங்கள் ஊர் அதில் ஒரு சாலையும் ஒரு கோயிலுமாக மட்டும் இருந்தது. செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டு, ஏரியையும் அதன் கரையையும் மதகையும் சேர்த்துவிட்டாள். இப்போது வாய்க்கால்களில் நிற்கிறாள். கீழ்மதகிலிருந்து வரும் வாய்க்கால் படத்தில் பாதியில் காணாமல் போய்விடுகிறது. தூர்ந்துவிட்டதா, யாராவது மூடி வீடு கட்டிவிட்டார்களா, தென்னந்தோப்பு மறைக்கிறதா என்று தெரியவில்லை. தெரியாமல் கோடு போட மாட்டேன் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி, முன்பு தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, மதகிலிருந்து நடந்தே போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.